முதுகெலும்பு மட்டும்

மஸ்கட்டீன், அயோவா
10 பிப்ரவரி 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கடிதம் என்றால் நீ பிரிக்காமலே அடுப்பில் போடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது, சிறையில் உனக்கு அடுப்பு ஏது?

வெர்டி அண்ணி நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "ஓவிட்டை உள்ள வச்சுட்டாங்க அஸெலி" என்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், "அவரே எழுதட்டும், நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்கிட்ட பேச மாட்டார்" என்று வைத்துவிட்டார்கள்.

வேறென்ன, லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றமாகத்தான் இருக்கும். அதுவும், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டருக்கு லைசென்ஸே கொடுக்காத மாநிலத்தில். இதை என் நோயாளிகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இங்கே என் சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது. நீயும் நானும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தோம். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் வைத்தியர், அந்தப் பக்கம் நீ குற்றவாளி.

இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது. போன ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு டேவன்போர்ட் வரை போய் வந்தேன், காரணம் ஒன்றுமில்லை. நாம் குடியிருந்த க்ரோக்மான் அம்மா வீட்டுக்கு இப்போது பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள். நீ போரிலிருந்து திரும்பிய மறு வருடம், படிப்புக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாயே, அந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? ஊர் ஞாபகம் தாங்காமல் அவர்கள் சமையலறையில் நீ கம்போ குழம்பு வைக்க, மாவைக் கொழுப்பில் போட்டுக் கறுக்கக் கறுக்க வறுத்தாய். க்ரோக்மான் அம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "வீட்டைக் கொளுத்துறீங்களா ரெண்டு பேரும்?" அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டவரும் அவர்தான். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மாடிப்படியின் கீழே நின்று, "என்ன, இன்னிக்கு வீட்டைக் கொளுத்தலையா?" என்று குரல் கொடுப்பார். அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வந்துவிட்டேன்.

நீ எனக்கு எழுத வேண்டாம். கம்பளி இருக்கிறதா என்று மட்டும் அண்ணியிடம் சொல்லி அனுப்பு.

அஸெலி

*

மாவட்டச் சிறை, பெல் ஆன்ஸ், லூசியானா
19 பிப்ரவரி 1974

அஸெலிக்கு,

கம்பளி இருக்கிறது. லூசியானாவில் கம்பளி இல்லாமல் செத்தவன் எவனும் இல்லை. அயோவாவுக்குப் போய் நீ அதைக்கூட மறந்துவிட்டாய்.

சிறை நீதிமன்றத்தின் மேல்மாடியில். ஜன்னல் வழியாக நாம் சேர்ந்து வைத்தியம் பார்த்த பழைய கடை தெரிகிறது. காவலுக்கு இருப்பவன் நோர்பேர், நீ அவனுக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறாய். முதல் நாள் காலை கதவைத் திறந்து உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "என்னடா?" என்றேன். "இல்ல ஐயா... திரும்பினா சுளுக்கு." என்னை உள்ளே போட்டதே கழுத்தைத் தொட்டதற்காக, உள்ளே வந்தும் கழுத்து. இப்போது மதியத்தில் மூன்று நான்கு பேர் பலகாரத்தோடு மேலே ஏறி வருகிறார்கள். சிறைக் கட்டில் என் வைத்திய மேசையைவிட உறுதியாக இருக்கிறது. ஷெரீஃப் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். வெர்டி பூடான் தொத்திறைச்சி அனுப்புகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

டேவன்போர்ட்டைப் பற்றி எழுதினாய். எனக்கு அந்த ஜன்னல் ஞாபகமில்லை, விரல்தான் ஞாபகம். காகிதத்துக்கு அடியில் ஒரு தலைமயிரை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அது எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே. ஒரு தாள், இரண்டு தாள் என்று ஏறிக்கொண்டே போகும். நான் எங்கே தோற்றேனோ அதற்கு மேலும் நீ கண்டுபிடிப்பாய். வகுப்பே உன்னைச் சுற்றி நிற்கும். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த விரலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய்? கிளேபெரின் முதுகைத் தொட்டாய், நேராக டாக்டர் ஹார்கிரோவிடம் அனுப்பினாய். ஹார்கிரோவ் நேராக மருத்துவ வாரியத்துக்கு எழுதினான். வாரியம் நீதிமன்றத்துக்குப் போய், நாம் இனி யாரையும் தொடக் கூடாதென்று உத்தரவு வாங்கியது. இருபது வருடமாக ஊரில் எவனும் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கதவைத் திறந்துவிட்டு, லைசென்ஸ் கிடைக்கிற ஊருக்கு ரயில் ஏறிவிட்டாய். நான் அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், ஏழு வருடமாக.

மிசிசிப்பிக்காரனும் போன வருடம் லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் போட்டுவிட்டான். நாம்தான் நாட்டிலேயே கடைசி. தலைநகர் பேட்டன் ரூஜில் இந்த வருடம் ஒரு மசோதா வருகிறதாம். வரட்டும், பார்க்கலாம்.

ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறதா?

ஓவிட்

*

மஸ்கட்டீன்
27 பிப்ரவரி 1974

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன், இரண்டாம் முறை கோபம், மூன்றாம் முறை நோர்பேரின் கழுத்தை நினைத்துச் சிரித்தேன். கோபத்தோடு எழுதுகிறேன்.

கிளேபெரைப் பற்றி நீ ஒரு நாளும் என்னைப் பேச விட்டதில்லை. இப்போது நான் எழுதுவதை இடையில் வெட்ட உன்னால் முடியாது.

நெல் வயலில் மாடு மாதிரி உழைத்த மனிதர். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு தெரிந்தது. "ராத்திரி படுத்தாத்தான் வலி கூடுது சேலி, எழுந்து நடந்தா கொஞ்சம் பரவாயில்ல" என்றார். வழக்கமான முதுகுவலிக்குப் படுத்தால் சுகம். முதுகில் கை வைத்தேன். அங்கே எலும்பு விலகியிருக்கவில்லை, அண்ணா. ஓர் இடத்தில் லேசாகத் தட்டினேன், அவர் பல்லைக் கடித்தார். அதைப் பிடித்து நான் அழுத்தியிருந்தால் முறிந்திருக்கும். அது நமக்கு உரிய வலி இல்லை. ஹார்கிரோவைத் தவிர அந்த ஊரில் யாரிடம் அனுப்புவேன்? பாதிரியாரிடமா?

புற்றுநோய் எலும்பு வரைக்கும் வந்திருந்தது. அறுவடை முடியும் வரை இருந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லலன்னா இன்னும் உரம் வாங்கறதப் பத்தியே யோசிச்சிட்டு இருந்திருப்பேன். இப்ப பொண்ணுங்களோட உட்கார்ந்து பேசறேன்" என்றார். உன்னிடம் இதைச் சொல்ல வீட்டுக்கு வந்தேன். நீ திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "காட்டிக்கொடுத்தவளோட எனக்குப் பேச்சில்ல" என்றாய். நோயாளி ஒருவர் உன் மேசையில் குப்புறக் கிடந்தார், அவருக்கும் கேட்டது.

அந்தத் திரை! அண்ணி தைத்த நீலப்பூத் திரை. இந்தப் பக்கம் என் மேசை, அந்தப் பக்கம் உன் மேசை. நடுவில் நாம் பிரெஞ்சில் போடும் சண்டை. "அந்த இடுப்பை இடதுபக்கமா சாய்ச்சியா?" என்று நீ கத்துவாய், "உன் நோயாளியைப் பாரு" என்று நான் கத்துவேன். சண்டை கேட்பதற்காகவே வலி இல்லாதவர்கள் கூட வந்தார்கள். இங்கே என் அறையில் ஒரே மேசை. அமைதியாக இருக்கிறது. சில நாள் மதியம் வேலையின் நடுவில், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு செய்தி. லூசியானா கைரோபிராக்டர் சங்கத்திலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள இடத்தில் வேலை எப்படி நடக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பேட்டன் ரூஜில் செனட் குழுவின் முன் வந்து சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். நம் ஊர்ப் பெண் என்பதால் என் பேச்சை நம்புவார்களாம். நீ வேண்டாம் என்றால் நான் வரமாட்டேன்.

அஸெலி

*

பெல் ஆன்ஸ்
17 மார்ச் 1974

அஸெலிக்கு,

வெளியே வந்துவிட்டேன். வீட்டில்தான் இருக்கிறேன். கிளேபெர் உன்னிடம் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது.

பேட்டன் ரூஜுக்கு வராதே. சங்கத்துக்காரர்கள் மசோதாவின் நகலைக் கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள். மருந்து எழுதக் கூடாது. சரி, நான் என்றைக்கு எழுதினேன்? கத்தி எடுக்கக் கூடாது. என் வீட்டில் கத்தி மீன் அறுக்கத்தான். பிரசவம் பார்க்கக் கூடாது. ஆண்டவனே! ஆனால் அதற்குக் கீழே பார்த்தேன். முதுகெலும்பு, அதை ஒட்டியவை, அவ்வளவுதான். "என்னய்யா இது, முதுகெலும்பு மட்டுமா?" என்றேன். சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர், சட்டை காலர் கசங்காதவர். "அதுக்கு மேல கேட்டா இதுவும் போயிடும் லெஜ்யூன்" என்றார்.

நெல் வயல்காரனுக்குக் கணுக்கால்தான் முதலில் போகும். சேற்றில் கால் மாட்டித் திருகும். அப்பா காலத்திலிருந்து இந்த ஊரில் கணுக்காலைப் பிடித்துவிடாத கை ஏதாவது உண்டா? நான் கல்லூரி போய்ப் படித்து, சிறைக்குப் போய் வந்து, கடைசியில் லைசென்ஸ் வாங்கி, கணுக்காலைத் தொட்டால் குற்றமாம். லைசென்ஸ் இல்லாதபோது முழு மனிதனையும் பார்த்தேன். லைசென்ஸ் வந்தால் முக்கால் மனிதனைப் பார்க்க வேண்டும். நீ அங்கே போய் நின்று இதற்குத் தலையாட்டினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உனக்கு எல்லைகள் பிடிக்கும். சின்ன வயதிலேயே சாப்பாட்டுத் தட்டில் சோறு வேறு, பீன்ஸ் வேறு என்று பிரித்து வைப்பாய், ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது. எனக்கு எல்லாவற்றையும் கலந்தால்தான் சாப்பாடு. அம்மா சொல்வாள், "ஒரே வயித்துல ரெண்டு ஊர்க்காரங்க பொறந்திருக்காங்க." நேற்று கொடியில் வெர்டி துணி காயப்போடும்போது அம்மாவின் அந்தக் குரலை அப்படியே கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு வானொலி.

வராதே.

ஓவிட்

பி.கு. ரொஸ்மோன் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். உனக்கு அவனைத் தெரியும், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன்.

*

மஸ்கட்டீன்
2 ஏப்ரல் 1974

அண்ணா,

ரொஸ்மோன் ஊன்றுகோலோடு நடந்தால் அதை எனக்கு ஏன் எழுதுகிறாய் என்று யோசித்தேன். அண்ணியைக் கூப்பிட்டேன். இந்த முறை வைக்க விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்கள். நீ அவர்களிடம் பேசாமல் இருந்தால் நான் உன்னிடம் பேசாமல் இருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

நீ என்னிடம் மறைத்ததை நானே உனக்கு எழுதுகிறேன். சரியாக இருக்கிறதா பார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மழை. ரொஸ்மோனை அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் தோளில் தாங்கி உன் வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். "முதுகு புடிச்சுக்கிச்சு மாமா, ஒரு தட்டு தட்டி விடுங்க, எழுந்துடுவாரு." நீ அவனை மேசையில் ஏற்றவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, குண்டூசியால் தொடையைத் தொட்டாய். "தெரியுதா?" "என்ன தெரியுதா?" என்றான் அவன். இரண்டு காலும் மரத்திருந்தது. "ஒண்ணுக்குப் போனியா?" என்று கேட்டாய். நேற்றிலிருந்து போகவில்லை என்றான், வெட்கத்தோடு.

"வண்டியைத் திருப்புங்கடா. ஹார்கிரோவ்கிட்ட."

அண்ணி வாசலில் உன்னை மறித்தார்கள். "கோர்ட் உத்தரவு இருக்கு. நீங்க போய் நின்னா, உங்களையே நீங்க புடிச்சுக் குடுக்கற மாதிரி. பசங்க கூட்டிட்டுப் போகட்டுமே."

"பசங்க என்ன சொல்வாங்க? முதுகுவலின்னு சொல்வாங்க. அவன் மாத்திரை குடுத்து திங்கக்கிழமை வான்னு அனுப்பிடுவான். இவனுக்கு திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இல்ல வெர்டி."

நீயே வண்டியில் ஏறினாய்.

ஹார்கிரோவ் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தாராம், கழுத்தில் துண்டோடு. நீ சொன்னாய்: முதுகின் அடியில் நரம்பு நசுங்குகிறது, அறுவை சிகிச்சைக்காரர் இன்றே பார்க்க வேண்டும். "இதை யார் பார்த்தது?" என்று கேட்டார். "நான்தான். ரெண்டு வருஷமா இவன் முதுகை நான்தான் பாக்கறேன். கோர்ட் உத்தரவு இருந்தும் பாக்கறேன்." அவர் உன்னைப் பார்த்தார், ரொஸ்மோனின் காலைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்து லஃபாயெட்டில் இருக்கும் அறுவை சிகிச்சைக்காரரைக் கூப்பிட்டார். அன்று மாலையே அறுத்தார்கள்.

பிறகு ஊர் முழுக்கப் பேச்சு. வாரியத்துக்கும் போயிற்று. நீதிமன்றத்தில் ஹார்கிரோவைக் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னார். நீதிபதி உன்னிடம், "இனிமே யாரையும் தொட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, வீட்டுக்குப் போ" என்றார். "அந்த வார்த்தை என் வாயில வராதுங்க" என்றாயாம்.

இதைக் கேட்டுவிட்டு உன் பி.கு.வை மறுபடி எடுத்துப் படித்தேன். அடுத்த நோயாளி கதவைத் தட்டியதுகூடக் கேட்கவில்லை.

உன் எல்லையை நீ என்னைவிட நன்றாகவே அறிவாய். உனக்கு அதை இன்னொருவன் எழுதித் தருவதுதான் பிடிக்கவில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் உன் மாதிரிக் கை இல்லாதவர்களும் நாளைக்கு இந்த வேலைக்கு வருவார்கள், அண்ணா. அவர்களுக்கு யாராவது எழுதித்தான் தர வேண்டும்.

பேட்டன் ரூஜுக்கு வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

அஸெலி

*

பெல் ஆன்ஸ்
9 ஜூன் 1974

அஸெலிக்கு,

நான் வரமாட்டேன் என்று வெர்டியிடம் சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் காரில் போய் உட்கார்ந்தேன். செனட் குழுவின் அறையில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அங்கிருந்து உன் பின்னந்தலை தெரிந்தது. முழுக்க நரைத்துவிட்டாய். எழுதும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கறுப்புப் பின்னல் போட்ட ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குண்டு செனட்டர், "கழுத்தை நெறிக்கறவங்களுக்கெல்லாம் ஒரு சட்டமா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்களே, நீ சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாய். டேவன்போர்ட்டில் மேடையில் எலும்புகளின் பெயர்களைச் சொல்ல வேண்டிய அன்று, உன் உச்சரிப்பைக் கேட்டு வடக்கத்திப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றும் இப்படித்தான் நின்றாய். நான் அன்று எழுந்து சண்டைக்குப் போனேன். இப்போது என் கால் அதற்கு ஒத்துழைக்காது.

அப்புறம் மூக்குக் கண்ணாடி போட்ட இன்னொரு செனட்டர் கேட்டார். "அம்மா, இந்தத் தாள்ல என்ன வேணா எழுதலாம். நெஜத்துல உங்க கை எங்க நிக்கும்?"

"எனக்குப் புரியாதது கையில தட்டுப்படற இடத்துல நிக்கும்" என்றாய். "அங்கிருந்து அடுத்த ஆள்கிட்ட அனுப்பணும். அனுப்பினதுக்காக ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தா, ஜனங்க அனுப்ப மாட்டாங்க. அதனாலதான் சட்டம் கேக்கறேன்."

அதன் பிறகு ஹார்கிரோவ். மசோதா கூடவே கூடாது என்று நீளமாகப் பேசினான். அவன் முழுக்க நம்பித்தான் பேசினான் என்று எனக்கே தோன்றியது, அதுதான் கஷ்டம். அதே கண்ணாடிக்காரர் அவனையும் கேட்டார். "டாக்டர், கோர்ட்ல நீங்க சொன்ன அந்தப் பேருந்து ஓட்டுநர் உங்ககிட்ட வந்தது சரியான நேரத்துலயா?" ஹார்கிரோவ், "இன்னும் ஒரு நாள் போயிருந்தா நடந்திருக்க மாட்டார்" என்றான். "அழைச்சிட்டு வந்தது யாரு?"

"அதோ, கடைசி வரிசையில தொப்பியைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்."

அத்தனை தலையும் திரும்பியது. உன் தலையும். உன் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே போய் மக்னோலியா மரத்தடியில் காரை எடுத்து நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெர்டி உன்னைத் தேடிப் போனபோது நீ விமான நிலையத்துக்குப் போய்விட்டாயாம்.

ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாயே.

ஓவிட்

*

மஸ்கட்டீன்
21 ஜூலை 1974

அண்ணா,

நிறைவேறிவிட்டது, கவர்னரும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சங்கத்திலிருந்து தந்தி வந்தது. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். நம் ஊர்ப்பக்கம் இறங்கிப் போகிற தண்ணீர்தானே இது. பொத்தான் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டேன்.

காபி குடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. நீ எழுந்து போனதைப் பார்த்து, என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறாய் என்று நினைத்தேன். ஹார்கிரோவ் காட்டியும், நீதான் என்று எனக்கு உறுதியானது முகத்தை வைத்து அல்ல. கதவைத் தாண்டும்போது இடது தோள் இறங்கியிருந்தது. போரில் அந்தத் தோளில் அடிபட்டு வந்தவன் நீ ஒருவன்தான். பின்னாலேயே ஓடி வந்திருக்க வேண்டும். காலில் புதுச் செருப்பு, வழுக்கும் தரை, ஐம்பது வயது. ஓடவில்லை.

விண்ணப்பம் போட்டாயா இல்லையா? கணுக்காலை நினைத்துக்கொண்டு முரண்டு பிடிக்காதே. எனக்கும் இங்கே முதல் வருடம் தாளைப் பார்த்தால் எரியும். எக்ஸ்ரே எடுக்கலாம், ஊசி போடக் கூடாது, சத்து மாத்திரை சொல்லலாமா கூடாதா என்று வாரியத்திலேயே இரண்டு பேர் சண்டை. பிறகு ஒரு நாள் ஒரு பெண், வயிற்றுவலிக்கு நான்தான் பார்க்க வேண்டும் என்று அழுதாள். "சட்டம் விடாதும்மா" என்றேன். அவள் கோபப்பட்டது சட்டத்தின் மேல், என் மேல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அவள் குடல்வால் அன்றே எடுக்கப்பட்டது. அன்றைக்கு அந்தத் தாளை முதல் தடவையாக ஒரு துணை என்று நினைத்தேன். நம் திரைக்கு அந்தப் பக்கம் நீ இருந்த மாதிரி, கத்துவதற்கு ஓர் ஆள்.

நம் வகுப்பில் லூசியானாவிலிருந்து படித்தவர்களில் உயிரோடு இருப்பது எத்தனை பேர்? மற்றவர்கள் எல்லோரும் ஒளிந்தே வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள். டுப்ளெஷியர் தன் பெயர்ப்பலகையில் "தச்சு வேலை" என்று எழுதி வைத்திருந்தான், ஞாபகமிருக்கிறதா? நாற்காலி செய்யச் சொல்லி வந்தவர்களுக்கு நாற்காலியும் செய்து கொடுத்தான். அவனுக்காகவாவது போடு.

அஸெலி

*

பெல் ஆன்ஸ்
3 மார்ச் 1975

அஸெலி,

வந்துவிட்டது. தடித்த தாள், கீழே பொன் முத்திரை. வெர்டி அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவினாள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். நோர்பேர் சீருடையோடு வந்து, அதன் முன்னால் நின்று படித்து, "இனிமே உங்களைப் புடிக்க எனக்கு வேலையில்லையா?" என்றான், நிஜமான வருத்தத்தோடு.

டுப்ளெஷியரை நினைவுபடுத்தி நீ என்னைக் கவிழ்த்துவிட்டாய். அவன் செய்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு கால் இன்னும் ஆடுகிறது.

போன வாரம் முதல் கணுக்கால் வந்தது. இளந்தாரி, நெல் ஆலையில் வேலை. வீங்கிய காலைத் தூக்கி என் மேசையில் வைத்தான். என் கை தானாகப் போயிற்று, பாதி வழியில் நிறுத்தினேன். நிறுத்திய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தம்பி, இது ஹார்கிரோவ் வேலை" என்றேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டு போனான். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் ஹார்கிரோவிடமிருந்து ஒரு கிழவி வந்தாள், இடுப்பு வலி. "டாக்டர் அனுப்பினாரு. 'எனக்கு இதுல ஒண்ணும் தெரியல, லெஜ்யூன்கிட்ட போங்க'ன்னு சொன்னாரு." எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள். நானும் அவனும் இன்னும் தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவதோடு சரி.

ஈஸ்டருக்கு வா. இந்த வருடம் கிராஃபிஷ் இறால் கொழுத்துக் கிடக்கிறது. முற்றத்தில் பெரிய பானை வைத்து அவிப்போம். உன் தட்டில் உருளைக்கிழங்கு வேறு, சோளம் வேறு என்று பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

ஓவிட்

*

மஸ்கட்டீன்
12 ஏப்ரல் 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டி முழுக்க அண்ணி வைத்த மிளகாய்த்தூள் வாசனை. உள்ளாடையில்கூட.

விமானத்தில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். அந்த ஈஸ்டர் மதியம்! முற்றத்தில் பானை கொதிக்கிறது, சேலி வந்திருக்கிறாள் என்று பழைய நோயாளிகள் பாதி ஊர் வந்துவிட்டது. கிளேபெரின் பெரிய மகள் கழுத்தைக் காட்டிக்கொண்டு, "அத்தை, நீங்க ஒரு தடவை பாருங்க" என்று என் முன்னால் உட்கார்ந்தாள். நான் கையைத் தூக்குவதற்குள் நீ பாய்ந்து வந்தாய்.

"தொடக் கூடாது! இந்த அம்மாவுக்கு இந்த மாநிலத்துல லைசென்ஸ் இல்ல!"

எத்தனை சந்தோஷம் உன் குரலில்! அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், நீ என் எதிரிலேயே அவள் கழுத்தைப் பார்த்தாய். அவளுக்கு என்ன செய்கிறாய் என்று அவசியமில்லாமல் என்னைப் பார்த்து இரண்டு முறை விளக்கம் வேறு சொன்னாய். இருபது வருடம் நான் அந்த ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். சட்டப்படி நான் அன்று வெறும் விருந்தாளி. உன் கை வேலை செய்வதை அத்தனை நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. திரை இருந்த காலத்தில் எனக்குச் சத்தம்தான் கேட்கும். உன் கை இவ்வளவு மெதுவானது என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் திருப்பப் பார்த்து, முடியாமல் உடம்போடு திரும்பினாய். "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். "எது?" என்றாய். "கழுத்து." "அது ஒண்ணுமில்ல, சிறைக் கட்டில்." பிறகு என்னைப் பார்க்காமல், "இந்த ஊர்ல என் கழுத்தைப் பாக்க யாரு இருக்கா?" என்றாய்.

அண்ணி ஈரக்கையோடு திரும்பி, "ஏங்க, அவளுக்குத்தான் லைசென்ஸ் இல்லையே?" என்றார்கள்.

நீ எழுந்து போய் வைத்திய மேசையில் மல்லாந்து படுத்தாய்.

வலது பக்கம், மேலிருந்து மூன்றாவது எலும்பு. கல் மாதிரி இறுகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் அதைத் தேடிப் பிடித்தேன். பிறகு நீ மூச்சை விட்டாய், தலையின் பாரம் முழுவதையும் என் உள்ளங்கையில் விட்டாய்.

இங்கே ஆற்றில் பனி போய்விட்டது, படகுகள் விட்டிருக்கிறார்கள். கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுது. மழுப்பாமல் எழுது.

உன் தங்கை
அஸெலி